பிறேக் பாட் வாங்க வரும்போது பழையதையும் கொண்டு வாங்கோ

"அக்கா, நல்ல பிறேக் பாட் ஒரு செற் தாங்கோ" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் மூன்று விஷயம் திருப்பிக் கேட்பேன். என்ன வாகனம்? எந்த றோட்டில் ஓடுகிறது? என்ன ஏற்றுகிறது? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் இறாக்கையில் கை வைப்பேன். சிலருக்கு இது கரைச்சலாக இருக்கும். "உள்ளதில விலை கூடினதைத் தாங்கோவன்" என்பார்கள். விலை கூடிய செற் அவர்களுடைய வாகனத்துக்குப் பிழையான செற்றாகவும் இருக்கலாம். அதை விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை விசுவமடுவில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியோரம். 2011இல் கணவர் ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கினார். மூன்று வருடத்தில் நோய் வந்து போய்விட்டார். கடையை மூடுவதா நடத்துவதா என்று நின்ற நேரத்தில், பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் அண்ணைதான் எனக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவர். வாகனங்களில் கழற்றிய தேய்ந்த பாட் எல்லாவற்றையும் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பார். "தங்கச்சி, இது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சது? சொல்லு பாப்பம்." சைக்கிளுக்குச் சொல்லிப் பழகியதால் அவர் பாட் என்று சொல்வதே இல்லை, கட்டை என்றுதான் சொல்வார். எனக்கும் அதுவே வாயில் வருகிறது. அந்தத் தேய்ந்த கட்டைகளில் இருபது முப்பதை ஒரு பிஸ்கற் தகரத்தில் இன்றும் வைத்திருக்கிறேன். யாருக்காவது விளங்கப்படுத்த வேண்டுமென்றால் அதைத்தான் திறப்பேன்.

வாங்குவதற்கு முதல், பிழை கட்டையில்தானா என்று பாருங்கள். புதுக் கட்டையில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 தொடக்கம் 12 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பல வாகனங்களில் கட்டையின் ஓரத்தில் ஒரு சின்னத் தகர நாக்கு வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த அளவுக்கு வந்ததும் நாக்கு, சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்து வருவது கரகரவென்ற சத்தம். அப்போது கட்டை முடிந்து, பின்னாலிருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை அராவிக்கொண்டிருக்கிறது. அந்த நிலைக்கு விட்டவர்கள் டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். டிஸ்க்கின் விலை கட்டையின் விலையைவிடக் கூட.

றிம்மின் இடைவெளியால் எட்டிப் பார்த்துவிட்டு "இன்னும் கிடக்கு" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிவது வெளிப்பக்கக் கட்டை. உள்பக்கக் கட்டை அதற்கு முதலே முடிந்திருக்கலாம். என் தகரத்தில் அப்படி ஒரு சோடி இருக்கிறது: வெளியில் இருந்தது 6 மில்லிமீற்றர், உள்ளே இருந்தது வெறும் தகடு. சில்லைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெடல் பஞ்சுபோல அமிழ்ந்து போனால் அது கட்டையின் குறை இல்லை. பிறேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது எங்கேயோ பிறேக் ஒயில் கசிகிறது. பிறேக் பிடிக்கும்போது பெடல் காலுக்குக் கீழே அதிர்ந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், கட்டையை டிஸ்க்கோடு நெருக்கும் கலிப்பர் ஒன்று இறுகிக் கிடக்கும். இந்த மூன்றுக்கும் புதுக் கட்டை மருந்தில்லை.

இனி றோட்டுக்கு வருகிறேன். பிறேக் பாட் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பாதி, மலை இறங்குகிறவர்களுக்கும் வேகப் பாதையில் ஓடுகிறவர்களுக்கும் எழுதியது. வன்னி தட்டை நிலம். ஓமந்தை தாண்டினால் ஆனையிறவு வரை ஏ9இல் பிறேக்கைச் சூடாக்கும் ஏற்ற இறக்கம் ஒன்றும் கிடையாது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் பிறேக்கைத் தொடாமலே போகலாம். பிறகு திடீரென்று ஒரே ஒரு பிறேக். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நிறுத்தியிருக்கும் பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடி வரும். இரவில் கட்டாக்காலி மாடு றோட்டின் சூட்டுக்குப் படுத்திருக்கும், கறுப்பு மாடு கறுப்புத் தாரில். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பக்கம் யானை நிற்கும். காலபோக அறுவடை முடிந்தால் றோட்டில் பாதி நெல் காயும். நெல்லின்மேல் ரயர் ஏறினால் எந்தப் பிறேக்கும் சொன்னபடி கேட்காது.

ஆகவே எங்கள் பிறேக், குளிர்ந்து கிடக்கும் நிலையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டிய பிறேக். ஒரு கட்டை எத்தனை நூறு பாகை சூட்டைத் தாங்கும் என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, சூடில்லாதபோது எப்படிப் பிடிக்கும் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். மோட்டார் பந்தயத்துக்குச் செய்த கட்டை விலை கூடியது, பேர் பெற்றது, ஆனால் சூடேறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதை மாட்டிக்கொண்டு காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனால் முதல் சந்தியில் வாகனம் வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்டதை நான் கடைக்கு எடுப்பதே இல்லை.

கணக்கைச் சொன்னால் நன்றாக விளங்கும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் போகிறது. மாட்டைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு செக்கன் என்று வையுங்கள். அந்த 19 மீற்றரைக் குறைக்க எந்தக் கட்டையாலும் முடியாது. அதற்குப் பிறகு, நல்ல ரயரும் நல்ல கட்டையும் உள்ள வாகனம் காய்ந்த தாரில் இன்னும் ஏறக்குறைய 28 மீற்றரில் நிற்கும். பிடி குறைந்த கட்டையில், அதே அளவு மிதித்தால், 38, 39 மீற்றர் போகும். இடைவெளி பத்துப் பதினொரு மீற்றர், அதாவது இரண்டு டொல்பின் வானின் நீளம். "இன்னும் இறுக்கி மிதிச்சால் நிக்கும்தானே" என்று ஒரு தம்பி கேட்டான். நிற்கும். ஆனால் பயந்துபோன நேரத்தில் பெரும்பாலானவர்கள் தேவையான அளவுக்கு இறுக்கி மிதிப்பதில்லை. வயதானவர்களும் கால் நோவு உள்ளவர்களும் ஓட்டுகிற வாகனத்துக்கு இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

கடைக்கு வரும் கட்டைகளைப் பெரும்பாலும் மூன்று சாதியாகப் பிரிக்கலாம். ஒன்று, நார்களையும் ரப்பரையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. ஓகானிக் என்பார்கள். மென்மையானது, சத்தம் குறைவு, குளிரிலேயே பிடிக்கும், டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் கெதியாகத் தேயும், தொடர்ந்து சூடேறினால் பிடி விட்டுப்போகும். இரண்டாவது செமி மெற்றாலிக். நிறையில் ஏறக்குறைய 30 தொடக்கம் 65 வீதம் வரை இரும்பு நூல், செப்பு மாதிரியான உலோகம் கலந்தது. பாரத்துக்கும் சூட்டுக்கும் தாங்கும், நாள் போகும். சத்தமும் தூசும் கூட, டிஸ்க்கையும் கூடத் தேய்க்கும், குளிரில் முதல் மிதி கொஞ்சம் மந்தம். மூன்றாவது செரமிக். பீங்கான் நாரும் மற்றவையும் சேர்ந்தது. சத்தம் இல்லை, றிம்மில் கறுப்புத் தூசு படியாது, டிஸ்க்குக்கு நல்லது. விலை கூட.

இதில் எது நல்லது என்று கேட்டால் பதில் இல்லை. யாருக்கு என்று கேளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கு ஒவ்வொரு நாளும் அக்சியோ காரில் போய்வரும் ஒரு ரீச்சர் இருக்கிறா. போக வர எழுபது எண்பது கிலோமீற்றர், வாகனத்துக்குள் அவவும் இன்னும் இரண்டு ரீச்சர்மாரும். அவவுக்கு நான் கொடுப்பது செரமிக். அதற்குக் காசு போதாத மாதமென்றால் நல்ல கம்பனியின் ஓகானிக். அவவின் வாகனம் ஜப்பானிலிருந்து வந்தபோது அதில் இருந்ததும் அந்தச் சாதிதான். வாகனம் செய்தவர்கள் எந்தச் சாதிக் கட்டையை மனதில் வைத்து டிஸ்க்கையும் கலிப்பரையும் செய்தார்களோ, அதிலிருந்து விலகுவதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லையென்றால் விலகாதீர்கள்.

காரணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடும் டொல்பின், நெல் மூட்டை அடுக்கிக்கொண்டு ஆலைக்குப் போகும் டிமோ பட்டா என்ற சின்ன லொறி. வாகனத்தின் மொத்தப் பாரம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குப் பிறேக் விழுங்க வேண்டிய சக்தியும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்கு. இந்த வாகனங்களுக்குச் செமி மெற்றாலிக்தான் சரி. சத்தம் போடுகிறது என்று திரும்பக் கொண்டுவருவார்கள். சத்தத்தைப் பொறுக்கச் சொல்லித்தான் அனுப்புவேன். வருடத்துக்கு ஒரு தரம் கதிர்காமம், நுவரெலியா என்று போகும் வான்காரர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குங்கள், கட்டையை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அக்குவா மாதிரி ஹைபிறிட் வாகனம் வைத்திருப்பவர்கள் கட்டை தேயவே இல்லையென்று சந்தோஷப்படுவார்கள். உண்மைதான். வேகம் குறையும்போது மின்மோட்டரே பிறேக்கின் வேலையில் ஒரு பங்கைச் செய்து பற்றரிக்குக் கரண்ட் அனுப்பிவிடும். ஆனால் பாவிக்காத பிறேக் துருப்பிடிக்கும், கலிப்பர் சறுக்கி ஓடும் இரும்பு ஊசிகள், பின் என்பார்கள், அவை இறுகும். கட்டை கிடக்கிறதென்று விடாமல் வருடத்துக்கு ஒரு தரம் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். அந்த வாகனங்களில் சிலது கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் தானாக வேலை செய்யும். கலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளுப்படும், கைவிரலும் போகும். தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு வரும் பெடியன்கள் சின்ரேட் பாட் கேட்பார்கள். உலோகத் தூளைச் சுட்டு இறுக்கிச் செய்வது அது. மழையிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கை அரைத்துவிடும். பல்சரில் வேலைக்குப் போய்வருகிற தம்பிக்குக் கம்பனி கொடுத்த சாதியே போதும். ஓட்டோவுக்குப் பாட் இல்லை, டிரம் என்ற உருளைக்குள் உரசும் ஷூதான். அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.

எழுத்துகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாஸ் அண்ணை கோபிப்பார். கட்டையின் ஓரத்திலோ தகட்டின் பின்பக்கத்திலோ ஒரு வரி அச்சடித்திருக்கும். செய்தவரின் குறி, கலவையின் குறி, கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. அந்த இரண்டு எழுத்துத்தான் பிடி. முதல் எழுத்து சாதாரண சூட்டில், இரண்டாவது எழுத்து நல்ல சூட்டில். ஈ என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடியின் அளவு, 0.25 தொடக்கம் 0.35. எஃப் என்றால் 0.35 தொடக்கம் 0.45. ஜி என்றால் 0.45 தொடக்கம் 0.55. எங்கள் றோட்டுக்கு முதல் எழுத்தைப் பாருங்கள். எஃப் எஃப் என்றிருந்தால் சாதாரண ஓட்டத்துக்கு நிறைவான கட்டை. ஈ ஈ என்றிருந்தால் நான் யோசிப்பேன். எஃப் ஈ என்றால் சூடேறப் பிடி இறங்கும் கட்டை. தட்டை நிலத்து அக்சியோவுக்கு அது பரவாயில்லை, பட்டாவுக்குக் கூடாது.

ஜி ஜி என்றால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். முன் சில்லும் பின் சில்லும் எவ்வளவு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாகனத்தைச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் மிதமிஞ்சிப் பிடிக்க விட்டால் அந்தக் கணக்குக் குழம்பும். அதோடு இந்த எழுத்து பிடியை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு நாள் போகும், சத்தம் போடுமா, தகட்டிலிருந்து கழன்று போகாதா என்பதையெல்லாம் அது சொல்லாது. இன்னொரு அடையாளமும் உண்டு: வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருக்கும். ஐரோப்பாவில் பாவிக்கும் ஐ.நா. விதி அது. வாகனத்தோடு வந்த கட்டையின் பிடியிலிருந்து 15 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று சோதித்த கட்டைக்குத்தான் அந்த அடையாளம் கிடைக்கும். ஜப்பான் செற் எல்லாவற்றிலும் இதைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை, இருந்தால் அது ஒரு நல்ல சாட்சி.

இனி என் கடையில் நடந்தது. ஒரு விநியோகக்காரர் கொண்டுவந்த பெட்டிகளில், பேர் பெற்ற கம்பனியின் பெயர் அச்சடித்த ஒரு செற்றை வானுக்கென்று விற்றேன். மூன்றாவது கிழமை அந்த வான்காரர் கட்டையை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். உராயும் பகுதி தகட்டிலிருந்து முழுதாகக் கழன்றிருந்தது, ஒட்டுப் பிரிந்த செருப்புப்போல. தருமபுரத்துக்குக் கிட்ட நடந்தது. கைப்பிறேக்கை இழுத்து, வேலிக் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர் என்னை ஒரு சொல்லும் பேசவில்லை. "தங்கச்சி, மிச்சம் இருக்கிற பெட்டியை விக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மிச்சப் பெட்டி எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டிக்குள் இருந்த நான்கு கட்டைகளில் இரண்டு விதமான குறி இருந்தது. முழுவதையும் ஒதுக்கி வைத்தேன். அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை. அந்த ஒட்டுப் பிரிந்த கட்டை தகரத்தில் மேலேயே கிடக்கிறது.

அன்றிலிருந்து பெட்டியைத் திறக்காமல் நான் விற்பதில்லை, நீங்களும் திறக்காமல் வாங்காதீர்கள். நான்கு கட்டையிலும் குறி ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டுக்கும் உராயும் பகுதிக்கும் இடையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வெடிப்போ இடைவெளியோ தட்டக்கூடாது. தகட்டில் பெயின்ற் சீராக இருக்க வேண்டும், கீழே துரு தெரிந்தால் வையுங்கள் திரும்ப. ஓரம் பொருமி உதிர்ந்தால் அது சரியாகச் சுடாத கட்டை. பெட்டியில் கம்பனிப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒரு எழுத்து மாறியிருப்பதை அவசரத்தில் கண் பிடிக்காது. அகெபோனோ, அட்விக்ஸ், நிஷின்போ என்பவை ஜப்பானில் பேர் பெற்ற கம்பனிகள், அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லதுதான். ஆனால் பேர் பெற்ற பெயரைத்தான் கள்ளமாக அச்சடிப்பார்கள். மற்றக் கடையில் பாதி விலைக்குக் கிடக்கிறதென்றால், அது ஏன் பாதி விலை என்று கேளுங்கள்.

சரியான அளவு எடுப்பது எல்லாவற்றையும்விடக் கரைச்சலான வேலை. "அக்சியோவுக்கு" என்று சொன்னால் போதாது. 141 மொடல் வேறு, 161 மொடல் வேறு. ஒரே மொடலிலும் றிம்மின் அளவுக்கு ஏற்ப, நான்கு சில்லும் இழுக்கிறதா இரண்டு சில்லா என்பதற்கு ஏற்பக் கலிப்பர் மாறும். ஜப்பான் வாகனமென்றால் எஞ்சின் பக்கத்திலோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டைப் போனில் படம் எடுத்து வாருங்கள், அதில் பிறேம் நம்பர், அதாவது வாகனத்தின் அடையாள எண், இருக்கும். அதைவிட நல்லது, பழைய கட்டையைக் கழற்றிக் கொண்டுவருவது. கவுண்டரில் புதியதின்மேல் பழையதை வைத்துப் பார்ப்பேன்: தகட்டின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது பொருந்துகிறதா, நாக்கு அதே பக்கமா, தகட்டின் தடிப்பு ஒன்றா. அரை மில்லிமீற்றர் பெரிதென்று பெடியன்கள் காதை அராவிப் போட்டுவிடுவார்கள். அராவிய கட்டை கலிப்பருக்குள் ஆடும், ஆடினால் சத்தம், பிறகு சாய்வாகத் தேய்மானம். தயவுசெய்து அராவ விடாதீர்கள்.

பழைய தகட்டில் புதிதாக லைனர், அதாவது உராயும் பகுதி, ஒட்டித் தருகிறார்கள், அது பரவாயில்லையா என்று 2022இல் நிறையப் பேர் கேட்டார்கள். சாமான் விலை ஏறி, காசும் இல்லாத வருடம். அப்பாவின் காலத்துக் கதை அவர்களுக்கும் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பார்ட்ஸ் என்று ஒன்றும் வராது. மண்ணெண்ணெயில் கார் ஓடியது, லொறியின் பழைய லைனரை வாளால் அறுத்து, துளைத்து, றிவெட் அடித்துக் காருக்குப் போட்டார்கள். அப்பா முற்றத்தில் இருந்து அறுத்தவர், நான் பக்கத்தில் இருந்து தூசை ஊதியிருக்கிறேன். அந்த லைனரில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கும். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல பத்து வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம் என்று அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலிருந்து அதைத் தடுத்துவிட்டது. அன்று வேறு வழியில்லை. இன்று வழியிருக்கிறது. ஆகவே ஒட்டின கட்டையை நான் விற்பதில்லை. பெட்டியில் அஸ்பெஸ்ரஸ் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய பிறேக்கைத் திறக்கும்போது தூசைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியச் சொல்லிப் பாஸ் அண்ணையோடு சண்டை பிடிப்பேன். இப்போது கேட்கிறார்.

நல்ல கட்டையை வாங்கிக் கெட்ட கலிப்பரில் மாட்டினால் காசு தண்ணியில். வன்னியில் கட்டையை முடிக்கிறது பாதி தூசுதான். உள்றோட்டுக் கிரவல் தூசு, மணல் ரிப்பர் சிந்திக்கொண்டு போகும் மணல், மாரியில் பாலத்துக்கு மேலால் பாயும் வெள்ளம். இதெல்லாம் கலிப்பர் சறுக்கும் பின்னுக்குள் போய் இறுக்கிவிடும். பின் இறுகினால் உள்பக்கக் கட்டை மட்டும் வேலை செய்யும். முதலில் சொன்ன 6 மில்லிமீற்றர் சோடியின் கதை அதுதான். கட்டை மாற்றும்போது பின்னைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்கென்று வரும் சூடு தாங்கும் கிறீஸ் பூசி, கிழிந்த ரப்பரை மாற்றச் சொல்லுங்கள். சாதாரண சில்லுக் கிறீஸ் ரப்பரைப் பொருமப் பண்ணும். டிஸ்க்கின் ஓரத்தில் ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவென்று பொறித்திருக்கும். அதைவிடக் குறைந்திருந்தால் அந்த டிஸ்க்கைக் கடைந்து பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. முன் சில்லென்றால் இரண்டு முன் சில்லுக்கும். அரைச் செற் கேட்டு வருகிறவர்களுக்கு நான் விற்பதில்லை.

பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் அது 140க்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் கொஞ்சம் போனாலும் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் வீங்கிப் பழுதாகும்.

பூட்டி முடிந்ததும், வாகனத்தை அசைக்க முதல் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கமாக வரும்வரை பாருங்கள். புதுக் கட்டைக்கு இடம் விட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதி வெறுமையாகப் போகும். கராஜ் வாசலிலேயே முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளில் ஏற்றினவரை எனக்குத் தெரியும்.

பிறகு பழக்க வேண்டும். புதுக் கட்டை டிஸ்க்கோடு இணங்கக் கொஞ்சம் ஓட்டம் தேவை. விடிய ஆறு மணிக்கு, றோட்டில் ஒருவரும் இல்லாத நேரம், நான் விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுப் பக்கம் அனுப்புவேன். 50இல் போய், மெல்ல மிதித்து 15க்குக் குறைத்து, நிறுத்தாமல் திரும்ப வேகம் எடுத்து, அரை நிமிடம் ஆற விட்டு, திரும்ப. பத்துத் தரம். முதல் 300 கிலோமீற்றருக்குத் தேவையில்லாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கொஞ்சம் மணம் வரும், பயப்படாதீர்கள். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் வந்து ஏறினால், ஓடிக்கொண்டே பிறேக்கை மெல்ல இரண்டு மூன்று தரம் அமத்தி ஈரத்தைக் காய விடுங்கள். அந்த முதல் மிதியில் பிடி குறைவாக இருக்கும், முன்னால் போகிறவருக்கு இடம் விட்டு ஓடுங்கள்.

ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு ஒரு தரம் சில்லைக் கழற்றி, உள்ளும் வெளியும் ஒரே அளவாகத் தேய்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை, பாஸ் அண்ணை இருந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். கழற்றிய பழைய சோடியை எறியாமல் கொண்டு வாருங்கள். பின்பக்கத்தில் எந்த வாகனம், எத்தனை கிலோமீற்றர் என்று மாக்கரால் எழுதித் தந்தால் போதும். தகரத்தில் இன்னும் இடம் இருக்கிறது.